எலி வளையும் ஐந்து உப்புப் பொட்டலமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. டாக்டர் சொல்லும்வரை அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டார்கள்; நான் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்.

அடுத்த மாதம் நீயும் என்னைப் போல நான்கு பேரோடு சேர்ந்து வீடு எடுக்கப்போகிறாயாமே! "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று விடுதியில் என்னிடம் மணிக்கணக்காக வாதாடியவன் நீ. வாடகையைக் கேட்டதும் எலிக்குக் கூட்டுக் குடும்பம் பிடித்துவிட்டது போலிருக்கிறது. பணம் எப்படி மிச்சமாகிறது என்று கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால், முதல் ஆறு மாதம் எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. வாடகையில் குறைந்ததெல்லாம் வேறு எங்கோ கரைந்துகொண்டிருந்தது.

எங்கே என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையை ஒழித்தபோது தெரிந்தது. அலமாரியில் ஐந்து உப்புப் பொட்டலங்கள். ஐந்தும் பிரித்தவை, ஐந்தும் ஈரம் கோத்துக் கல்லாகிக் கிடந்தன. ஒன்றின்மேல் பெயர் எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தது. எண்ணெய்ப் புட்டிகளின் கதை இன்னும் மோசம். எண்ணெய் எதுவரை இருக்கிறது என்று பேனாவால் அடையாளம் வைத்திருந்தோம், படித்த பிள்ளைகள்! அடுத்தவன் தொட்டுவிடுவானோ என்று ஒவ்வொருவனும் சின்னப் புட்டியாகப் பார்த்து வாங்கினான். சின்னப் புட்டியில் அதே எண்ணெய்க்கு விலை கூடுதல் என்பதை ஒருவனும் கணக்குப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜிலோ பாதி அழுகிய காய்கறி. யாருடையது என்று தெரியாததால் யாரும் சமைக்கவும் இல்லை, எடுத்து எறியவும் இல்லை.

அன்று மாலையே பொதுப்பணம் ஒன்று ஆரம்பித்தோம். உப்பு, எண்ணெய், சோப்பு, குப்பைப் பை இவையெல்லாம் பொது. தின்பண்டமும் அவரவர் ருசிக்கு வாங்குவதும் தனி. எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடாதே. நாங்கள் ஒரு மாதம் அதையும் செய்துபார்த்தோம். 'ஊரான் வீட்டு நெய்யே' என்றாகிவிட்டது. இறைச்சி சாப்பிடாதவன் நான்கு பேருடைய இறைச்சிக்கும் பங்கு கட்டிவிட்டு முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தான். ஃபிரிட்ஜின் மேல்தட்டை மட்டும் 'முதலில் தீர்க்க வேண்டியவை' என்று ஒதுக்கினோம். அதில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சமைக்கலாம். அழுகுவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

இதைவிடப் பெரிய கூத்து மின் கட்டணத்தில் நடந்தது. இரவில் கண்விழித்துப் படிக்கும் ஒருவன் நடைபாதை விளக்கை அணைக்காமல் தூங்கிவிடுவான். மூன்று மாதம் அந்த ஒரு விளக்குக்காக வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்துகிடந்தது. கடைசியில் கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் காகிதத்தை எடுத்தான். அது 9 வாட் எல்.இ.டி. பல்பு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதால், அந்தப் பல்பு ஒரு யூனிட்டைத் தீர்க்க ஏறக்குறைய 111 மணி நேரம், அதாவது நாலரை நாளுக்கும் மேல், இடைவிடாமல் எரிய வேண்டும். குளியலறையில் இருக்கும் 2,000 வாட் ஹீட்டரோ அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைக் குடித்துவிடும். காலையில் முதலில் எழுந்தவன் அதைப் போடுவான், கடைசி ஆள் குளிக்கும்போது மதியமாகியிருக்கும். இடையில் தண்ணீர் ஆற ஆற அது மறுபடி மறுபடி சூடேற்றிக்கொண்டே இருக்கும். பல்புக்காகச் சண்டை போட்ட நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்துதான் ஹீட்டரை ஓடவிட்டிருந்தோம்! இப்போது அடுத்தடுத்துக் குளிக்கிறோம். சுவரில் முறை எழுதி ஒட்டியிருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தையும் பச்சைத் தண்ணீரிலேயே ஓட்டுகிறோம். அதில் மின்சாரத்தைத் தின்பதில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்குவதுதான்.

இன்னொன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். சின்னத் தொகையைத் திருப்பிக் கேட்க நமக்கெல்லாம் கூச்சம். எங்கள் வீட்டில் ஒருவன் கடைக்குப் போகும்போதெல்லாம் தன் பணத்தில் பொதுச் சாமான் வாங்கி வருவான், கேட்கவே மாட்டான். நாங்களும் 'நல்ல பையன்' என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். ஒருநாள் துணிக்கொடியில் யாரோ இடம் பிடித்துக்கொண்டதற்காக அவன் கத்திய கத்தலில் நாங்கள் நடுங்கிவிட்டோம். அது கொடிக்கான கோபம் அல்ல என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. இப்போது ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு தொங்குகிறது. வாங்கியவன் அன்றே எழுத வேண்டும், ஞாயிறு இரவு கணக்குத் தீர்க்க வேண்டும். நீ குடிபோகும் முதல் நாளே நோட்டை வாங்கிவிடு. கசப்பு வந்த பிறகு நோட்டு வாங்கினால், அது சந்தேகப்பட்டு வாங்கியதாகத்தான் தெரியும்.

வீட்டுக்காரர் விஷயத்திலும் எச்சரிக்கையாக இரு. முன்பு இருந்த வீட்டில், நாங்கள் வருவதற்கு முன்பே சுவரில் இருந்த கறைக்காக முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். எங்களிடம் சாட்சி ஏது? சாவி வாங்கிய கையோடு சுவர், ஜன்னல், குழாய், மீட்டரில் உள்ள எண் எல்லாவற்றையும் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிடு. ஒப்பந்தத்தையும் நிதானமாகப் படி. ஐந்து பேரும் ஒரே பத்திரத்தில் கூட்டாகக் கையெழுத்திட்டால், பல இடங்களில், ஒருவன் பாதியில் கிளம்பினாலும் அவன் பங்கு மற்றவர்கள் தலையில்தான் விழும். எங்களுக்கு விழுந்தது. இரண்டு மாதம் நான்கு பேரும் அவன் வாடகையைச் சேர்த்துக் கட்டினோம். அவனைத் திட்டி ஒரு தனிக் கடிதம் எழுதலாம், ஆனால் இப்போது வேண்டாம்.

புத்தகச் செலவுக்கு நூலகம் இருக்கிறது, அது உனக்குத் தெரியாததல்ல. பணம் கைக்கு வந்த அன்றே ஒரு சிறு தொகையை வேறு கணக்கில் போட்டுவிடுகிறேன். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று காத்திருந்த காலத்தில் மிஞ்சியதே இல்லை.

உன்னோடு வரும் அந்த நான்கு பேர் யார், யார் குறட்டை விடுபவன் என்றெல்லாம் எழுது. கதவைத் தட்டுகிறார்கள், குளிக்க என் முறை வந்துவிட்டது. தாமதித்தால் தண்ணீர் ஆறிவிடும், மறுபடி ஹீட்டரைப் போட விடமாட்டார்கள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்