கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படி

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சரசு,

நலம். நலமறிய ஆவல். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். சொட்டு மருந்தை நீ ஒருத்தியே போட்டுக்கொண்டிருக்காதே, அந்த வீட்டில் இன்னும் இரண்டு ஆம்பிளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கை இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் வேலை மாறி ஓசூர் போய்விட்டான். வெயில் வழக்கம்போல. மற்றதெல்லாம் அப்புறம்.

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறார் என்று நீ கிசுகிசுத்தாய், நானும் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். பேசினால் நீ ஜெயிப்பாய், எழுதினால் நான் ஜெயிப்பேன் என்பது கொண்டை டீச்சர் காலத்திலேயே முடிவான விஷயம். அதனால் கடிதம்.

உன் நாவலைப் புத்தகமாகப் போட நீ நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கட்டப்போகிறாயா? ஏட்டி, உனக்கென்ன பைத்தியமா?

உன் நாவல் 'உலகத் தரம்' என்று அந்தப் பதிப்பகத்து ஆள் சொன்னாராம், அதுவும் நீ அனுப்பிய மறுநாள் காலையிலேயே. இருநூற்றுச் சொச்சம் பக்கம், அதுவும் உன் கோழிக்கிறுக்கலைப் போனில் படம் பிடித்து அனுப்பியது. ஒரே ராத்திரியில் அதைப் படித்து முடித்து உலகத்தோடு ஒப்பிட்டும் பார்த்துவிட்டாரா? எனக்கு நீ அனுப்பிய முதல் அத்தியாயத்தைப் படிக்கவே நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தேன். அவருக்கு நல்ல கண், நம் கண்ணெல்லாம் புரை விழுந்தது போலிருக்கிறது.

அவர் தருவதாகச் சொன்ன 'கோல்டு பேக்கேஜை' நீ சொல்லச் சொல்ல எனக்கு மனப்பாடமாகவே தெரிந்தது. நூறு பிரதி. அட்டைப்படம். ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண். வெளியீட்டு விழாவில் மேடை, சால்வை. கூடவே ஒரு விருது. அந்த ஐ.எஸ்.பி.என். இருக்கிறதே, அதற்கு மட்டும் தனியாக மூவாயிரம் என்றாயே, இந்தியாவில் அதை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. விண்ணப்பித்தால் போதும். எழுதுகிறவரே தன் பெயரில் வாங்கலாம். விருதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டணம் கட்டி வாங்குகிற விருதை ஷோகேஸில் எந்தத் தட்டில் வைப்பது என்று நீயே யோசி.

முறையாக நடக்கிற பதிப்பகம் உன்னிடம் காசு கேட்காது. உனக்குத்தான் தரவேண்டும். விற்கிற விலையில் பத்து சதவீதம் ராயல்டி என்பது வழக்கம். அது ஒழுங்காக வருகிறதா என்பது வேறு கதை, அதற்கு இன்னொரு கடிதம் எழுதவேண்டும். சொந்தக் காசில்தான் போடுவேன் என்று நீ பிடிவாதமாக இருந்தாலும், இப்போது பிரிண்ட் ஆன் டிமாண்டில், அதாவது வேண்டிய அளவு மட்டும் அச்சடிக்கிற முறையில், ஐம்பது பிரதி மட்டும் அடித்துக்கொள்ளலாம். அதற்கு இவ்வளவு ஆகாது. அமேசானின் கிண்டிலில் மின்நூலாகப் போட்டால் காசே கேட்பதில்லை, 2016 கடைசியிலிருந்து தமிழிலும் போடலாம்.

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் ஒரு குழுவில் இருக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன், நீ 'இன்னொரு குட்மார்னிங் குழுவா' என்று சிரித்தாய். வீட்டில் அவர் வைத்திருக்கும் பெயர் 'மாதர் சங்கம்'. பத்துப் பேர். எல்லோரும் பெண்கள், எல்லோருக்கும் எழுதுகிற கிறுக்கு. ராஜபாளையத்தில் ஒருத்தி, சிவகாசிப் பக்கம் ஒருத்தி, மட்டக்களப்பில் ஒரு அக்கா, டொராண்டோவில் ஒருத்தி, சிங்கப்பூரில் ஒருத்தி, இப்படி. சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்குக் கூகுள் மீட்டில் கூடுவோம். டொராண்டோக்காரிக்கு அப்போது காலை, காபியோடு வந்து உட்காருவாள். சிங்கப்பூர்க்காரிக்கு மணி பதினொன்று, கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பாள், ஆனால் அவள் சொல்வதுதான் கூர்மையாக இருக்கும்.

ராஜபாளையத்துக்காரிக்கும் உனக்கு வந்த மாதிரியே ஒரு செய்தி வந்தது. அவள் பூரித்துப்போய்க் குழுவில் போட்டாள். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் சிவகாசிக்காரி, 'எனக்கும் வந்ததே' என்று தன்னுடையதைப் போட்டாள். பிறகு இன்னொருத்தி. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்தால் தலைப்பு மட்டும்தான் வேறு. 'தங்கள் எழுத்தில் மண்ணின் மணம்' மூன்றிலும் வீசியது. அதில் ஒன்று சமையல் குறிப்புப் புத்தகம்! தனித்தனியாக இருந்திருந்தால் மூன்று பேரும் பணம் கட்டியிருப்பார்கள். பாராட்டைக் கண்டால் நமக்கெல்லாம் அவ்வளவு பசி.

உனக்கு வந்த செய்தியிலும் மண்ணின் மணம் இருக்கும் பார்.

பணம் தப்பியது மட்டும் விஷயமில்லை. அங்கே எப்படிப் படிக்கிறார்கள் என்று சொன்னால்தான் உனக்குப் புரியும். ஒரு வாரம் ஒருத்தியின் கதை. மூன்று நாளுக்கு முன்பே எல்லோருக்கும் வந்துவிடவேண்டும். 'அருமை', 'சூப்பர்', கைதட்டுகிற பொம்மை எல்லாவற்றுக்கும் தடை. எந்த இடத்தில் படிப்பது நின்றுபோனது, எந்த வரியை இரண்டாம் தரம் படிக்கவேண்டியிருந்தது, யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பியது, இதைத்தான் சொல்லவேண்டும். எல்லோரும் முடிக்கும்வரை எழுதியவள் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி உன்னைப் போன்றவர்களுக்காகவே போட்டது.

என் மாமனார் படுக்கையில் கிடந்த காலத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு எண்ணம். மட்டக்களப்பு அக்கா நிதானமாகக் கேட்டார், கடைசிப் பத்தியில் அந்த மருமகள் அழுவது அவளுக்காகவா, படிக்கிறவர்களுக்காகவா என்று. எனக்குச் சுர்ரென்றது. இரண்டு நாள் அவர் பெயரைப் பார்த்தாலே கோபம். மூன்றாம் நாள் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். அந்த மருமகள் பெட்ஷீட்டை உதறிக் கொடியில் போடுவதோடு கதை முடிந்தது. அப்படியே ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன், போட்டுவிட்டார்கள். சன்மானமாக இரண்டு மரியாதைப் பிரதி. ஒன்று உனக்கு இந்தத் தபாலிலேயே வருகிறது. இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்கவேண்டும், உன் நாற்பத்தைந்தாயிரம் வந்து குறுக்கே விழுந்துவிட்டது.

சரசு, இந்த ஊரைச் சுற்றி மட்டும் எத்தனை எழுத்தாளர்கள் என்று யோசித்திருக்கிறாயா? எட்டயபுரத்துப் பாரதியை விடு. கு. அழகிரிசாமிக்கு 1970இல் சாகித்ய அகாதெமி விருது, கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனுக்கு 1991இல், பூமணிக்கு 2014இல், சோ. தர்மனுக்கு 2019இல். கரிசல் மண்ணில் ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். மண்ணில் இருப்பது பருத்தியும் கம்பும்தான். இவர்களுக்கு இருந்தது ஒருவருக்கொருவர். அழகிரிசாமியும் கி.ரா.வும் பக்கத்து இடைசெவல் கிராமத்தில் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னை, கோலாலம்பூர் என்று போனாலும் கடிதம் விட்டுப்போகவில்லை. அந்தக் கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால் பின்னால் அவை புத்தகமாகவே வந்தன. கி.ரா. கதை எழுத ஆரம்பித்ததே முப்பதைத் தாண்டித்தான். அப்புறம் இங்கேயே கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை. ஊரில் எழுதுகிறவன், எழுதப்போகிறவன், சும்மா பேசவருகிறவன் எல்லாரும் அங்கேதான். கடை அடைத்த பிறகும் பேச்சுத் தெருவில் தொடரும் என்பார்கள்.

நான் பிறந்து வளர்ந்த ஊர். அந்தப் பக்கம் நடந்து போயிருக்கிறேன். உள்ளே போய் உட்கார எனக்குத் தோன்றியதே இல்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. ராத்திரி பதினொரு மணி வரை நாலு ஆம்பிளைகளோடு டீ குடித்துக்கொண்டு கவிதை பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு பெண்பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமே. அந்த விருதுப் பட்டியலை இன்னொரு தரம் பார். நாலும் ஆம்பிளைகள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களைப் படித்துத்தான் எனக்கு எழுதவே தோன்றியது. ஆனால் அவர்களுக்கு ராத்திரியும் தெருவும் கிடைத்தன.

பெண்களுக்குக் கிடைத்ததெல்லாம் வீட்டுக்குள் ஒரு துணை, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். நூறு வருஷத்துக்கு முன்னால் வை.மு. கோதைநாயகிக்கு எழுதத் தெரியாது. கதை மட்டும் சொல்வார். பட்டம்மாள் என்ற தோழி உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொடுத்தார். அப்புறம் அந்தத் தோழியிடமே எழுதக் கற்றுக்கொண்டு நூற்றுக்கு மேல் நாவல் எழுதி, சொந்தமாகப் பத்திரிகையும் நடத்தினார். அந்தப் பட்டம்மாள் பக்கத்தில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்.

நாம் ஹாஸ்டலில் கார்பன் தாள் வைத்துக் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோமே, அப்போது வாரம் ஒரு கதை எழுதினோம். கல்யாணம் ஆகி நீ கோயம்புத்தூர் போனாய், நான் இங்கேயே. அதோடு சரி. நேரமில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். நேரம் இருந்தது, சரசு. மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எத்தனை வருஷம் நான் சீரியல் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை எவளோ ஒருத்தி என் கதைக்காகக் காத்திருப்பாள் என்பது அப்போது இல்லை. இப்போது இருக்கிறது. புதன்கிழமை வந்தால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது.

எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்காதே. இந்தக் குழு அமையும் முன் நான் சேர்ந்து ஓடிவந்த குழுக்களைக் கேட்டால் சிரிப்பாய். ஒன்றில் முந்நூறு பேர், முந்நூறு பேரும் எழுதுவார்கள், ஒருவரும் படிக்கமாட்டார்கள். இன்னொன்றில் நான் உனக்கு அஞ்சு நட்சத்திரம், நீ எனக்கு அஞ்சு என்று பண்டமாற்று. எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. ஒருத்திக்கு ஒரு போட்டியில் பரிசு வந்ததும் இரண்டு பேர் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. அதில் ஒருத்தி யார் என்று கேட்காதே.

சிவகாசிக்காரி பிரதிலிபி என்கிற கதைச் செயலியில் தொடர்கதை எழுதுகிறாள். தினம் ஒரு அத்தியாயம், காதலும் மாமியாரும் கண்ணீருமாக. ஆரம்பத்தில் எங்களில் சிலருக்கு அவளிடம் ஒரு இளக்காரம் இருந்தது. ஒருநாள் அவளே சொன்னாள், பெண்ணின் நர்சிங் படிப்புக்கு அதிலிருந்துதான் கட்டினாள் என்று. எங்கள் பத்துப் பேரில் எழுதிச் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். ஒரு அத்தியாயத்தை எங்கே வெட்டினால் ஆள் மறுநாள் வருவார்கள் என்பது அவளுக்கு விரல் நுனியில். இப்போது எல்லோரும் அவளிடம் பாடம் கேட்கிறோம்.

இன்னொன்றும் அவர்களிடம் கற்றதுதான்: எங்கே பகிர்ந்தாலும் பிரதி ஒன்று உன்னிடம் இருக்கவேண்டும். டொராண்டோக்காரி 2000களில் மரத்தடி, ராயர் காபி கிளப் என்று யாஹூ மின்னஞ்சல் குழுமங்களில் வாசித்துப் பழகியவள். 2019இல் யாஹூ பழைய மடல்களை அழிக்கப்போவதாக அறிவித்தது, அடுத்த வருஷக் கடைசியில் குழுமங்களையே மூடிவிட்டது. அதனால் அவள் எங்களைக் கதைகளைக் கணினியிலும் பென்டிரைவிலும் வைக்கச் சொல்லி நச்சரிப்பாள். நீயோ ஒரே ஒரு நோட்டு, அதையும் அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

உன் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன். முதல் அத்தியாயத்தில் உன் அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே உனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிற இடம். அதைப் படித்துவிட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அதற்கு முன்னால் வருகிற நாலு பக்கம் ஊர் வர்ணனை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் சொன்னால் உனக்கு ஏறாது, நம் பழக்கம் அப்படி. சிவகாசிக்காரியின் அம்மாவும் தீப்பெட்டி ஒட்டியவர்தான். அவள் சொல்லட்டும்.

நீ செய்யவேண்டியது இதுதான். செக்கில் கையெழுத்துப் போடாதே. முதல் அத்தியாயத்தைப் போனில் வாயால் சொல்லித் தட்டச்சு செய், தமிழ் நன்றாகவே எடுத்துக்கொள்கிறது, 'ழ'வை மட்டும் ஒழுங்காகச் சொல்லவேண்டும், கொண்டை டீச்சரை நினைத்துக்கொள். புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. உன்னைச் சேர்க்கலாமா என்று குழுவில் கேட்டுவிட்டேன். டொராண்டோக்காரி, 'அதிகம் பேசுவாரா?' என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை எட்டரைக்கு லிங்க் வரும். வீட்டில் கேட்டால் மாதர் சங்கம் என்று சொல், எங்கள் வீட்டில் செல்லுபடியாகிறது.

கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் வைத்திருக்கிறேன். மாமியாருக்குப் பல் இல்லை என்பதால் இரண்டும் உனக்கே.

உன்,
கோமு

பி.கு.: அந்த ஆள் திரும்பவும் போன் செய்தால் திட்டாதே, நல்லவிதமாகவே பேசு. ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிற சாவு கொஞ்சம் அதிகப்படியாக இருக்கிறதா என்று மட்டும் கேள். உன் நாவலில் யாருமே சாகவில்லை என்று நீதானே சொன்னாய். என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்கு எழுது.