மிச்சிகன் 2023 சீசன்: இந்த சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட் மேட்ச்

எல்லாருக்கும் வணக்கம். நிறைய பேர் கேட்டபடி, மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் 2023 சீசனை மறுபடி பார்க்கப் போகிறோம். 15 மேட்ச், 15 வெற்றி, 1997க்குப் பிறகு முதல் தேசியப் பட்டம். ஆனாலும் எனக்கு அந்த சீசன் என்றாலே ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துடன் ஆடிய மேட்ச்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

மூன்றாவது குவார்ட்டரை (மேட்ச்சின் நான்கு பகுதிகளில் மூன்றாவது) மட்டும் விட்டுவிடாதீர்கள். மிச்சிகன் வீரர் ஜாக் ஜின்டர் கால் முறிந்து வண்டியில் வெளியே போகிறார். மைதானமே கலங்கி நிற்கிறது. அடுத்த பிளேயிலேயே, அதாவது அடுத்த ஆட்ட முயற்சியிலேயே, சக வீரர் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போட்டு, விரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டுகிறார். ஜின்டரின் ஜெர்சி எண் 65!

தலைமைப் பயிற்சியாளர் ஹார்பா தடையில் இருந்ததால் அன்று அணியை நடத்தியவர் ஷெரோன் மூர். முடிவு 30-24.

அலபாமாவுடன் ஓவர்டைம் வரை போன ரோஸ் போல் (தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி மேட்ச்) அடுத்த வாரம். குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் விதிகளில் சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள்.