முறுமுறுப்பும் மர்மரும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன. பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணமும் நீங்கள் கேட்டிருந்த ‘மர்மர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடர்புடையதாக அமைந்தது வேடிக்கை. வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவர் என் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "லேசாக ஒரு மர்மர் கேட்கிறது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார். கவலைக்கு முன்னால் உங்கள் கேள்விதான் நினைவுக்கு வந்தது என்றால் நம்புவீர்களா? வயதுக்கேற்ப வால்வு ஒன்று சற்றுத் தடித்திருக்கிறதாம்; இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே சொல்லுக்கு வருகிறேன்.

ஆலயத்தில் வாசித்த யாத்திராகமப் பகுதியில், கசப்பான தண்ணீரைக் கண்ட ஜனங்கள் மோசேக்கு விரோதமாக ‘முறுமுறுத்தார்கள்’ என்று வருவதையும், 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் அதே இடத்தில் ‘மர்மர்’ என்ற வினை நிற்பதையும் ஒப்பிட்டு, ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி இல்லை. ஆங்கிலம் அதைப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றது. பிரெஞ்சுக்கு அது லத்தீன் சொத்து. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காலத்திலேயே ஆங்கிலத்தில் அது புழங்கிவிட்டது. அப்போது அதன் முதன்மையான பொருள், நம் வேதாகமத் தமிழில் உள்ளதைப் போலவே, வாய்க்குள் குறைகூறிப் புகைவதுதான்.

லத்தீனில் அச்சொல் இன்று நாம் நினைப்பதுபோல மென்மையானது அன்று. குகைக்குள் அடைபட்ட காற்றுகள் மலையே அதிரும்படி எழுப்பும் ஓசைக்கு ரோமானியக் கவிஞர் வெர்ஜில் அதைத்தான் ஆள்கிறார். இடிமுழக்கமும் கடலிரைச்சலும் அதற்குள் அடங்கும். ஹோமரின் கிரேக்கத்தில் அதன் இணையான ‘மோர்மூரோ’ என்ற வினை, நுரை பொங்கப் பாயும் வெள்ளத்தைக் குறிக்கிறது. வடமொழியிலோ ‘மர்மர’ என்பது சருகும் ஆடையும் உரசும் சலசலப்பு. காளிதாசன் உதிர்ந்த இலைகள் சலசலக்கும் காட்டுக்கு அதைப் பயன்படுத்துகிறான். ஒரே ஒலிக்கூட்டை ஒருவர் வெள்ளத்தில் கேட்டிருக்கிறார், இன்னொருவர் சருகில் கேட்டிருக்கிறார். இம்மூன்றையும் அறிஞர்கள் ஒரே வேரில் சேர்ப்பதுண்டு. ஆனால் ஒலியைப் போலச் செய்து பிறந்த சொற்கள் எங்கும் தனித்தனியே முளைக்கக்கூடியவை என்பதால், அவற்றை மட்டும் சாட்சிக்கு அழைத்து மொழி உறவை நிறுவ முடியாது. நம் முறுமுறுப்புக்கும் இதே கதைதான். உதட்டை மூடினால் ‘ம்’ வரும், நாக்கு நடுங்கினால் ரகரமோ றகரமோ வரும், ஓயாத ஓசையைக் காட்ட இரட்டிப்பு வரும். இதற்கு யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஒலிக்குறிப்புச் சொற்கள் காலப்போக்கில் தம் ஒலியையே இழப்பதும் உண்டு. ஆங்கிலேயர் புறாவுக்கு வைத்திருக்கும் ‘பிஜன்’ என்ற பெயர், கீச்சிடும் குஞ்சைக் குறித்த ‘பீப்பியோ’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. இன்று அதில் கீச்சொலி எங்கே இருக்கிறது? மர்மருக்கும் ஓரளவு இது நேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தென் இங்கிலாந்துப் பேச்சில் உயிருக்குப் பின் வரும் ரகரம் மெல்ல மறைந்துவிட, லத்தீனில் உருண்ட சொல் லண்டன்காரர் வாயில் ஏறத்தாழ ‘மெமெ’ என்றாகிவிட்டது. முணுமுணுப்பு என்ற மென்மையான பொருள் அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதால் ஒலி மாறியதால் பொருள் மாறியது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இரண்டும் பொருந்திப்போனதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இந்த இடத்தில் நம் மொழி கொஞ்சம் கறாராகவே இருக்கிறது என்பேன். அதிருப்திக்கு முறுமுறுப்பு, வாய்க்குள் பேச்சுக்கு முணுமுணுப்பு, வண்டுக்கு முரலுதல் என்று, ஆங்கிலம் ஒரே சொல்லின் தலையில் ஏற்றும் சுமையின் பெரும்பகுதியை நாம் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’, அதாவது இரட்டித்து வரும் இச்சொற்கள் பிரிந்து தனியே ஒலிக்கமாட்டா, என்று தொல்காப்பியர் அன்றே விதி எழுதிவைத்ததும், இவை நமக்கு வெறும் விளையாட்டுச் சொற்கள் அல்ல என்பதைக் காட்டுகிறது. ஆனால் இதயத்தில் கேட்கும் ஓசைக்கு மட்டும் மருத்துவர்கள் மர்மரையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘உங்கள் இதயம் முறுமுறுக்கிறது’ என்று அவர் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

இன்னொன்று. மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரும் இச்சொல்லிலிருந்து வந்ததே. 1486இல் அச்சான ஒரு வேட்டை நூலிலேயே ‘மர்மரேஷன்’ என்று அது காணப்படுகிறது. அதே குடும்பத்துச் சூறைக்குருவிகள் பனிக்காலத்தில் உங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன அல்லவா? இம்முறை அவை அந்தியில் குளத்தங்கரை மரங்களில் அடையும்போது அருகில் நின்று கேட்டு, அந்த இரைச்சலை உங்கள் ஊரார் என்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். மூட்டுவலி தணிந்ததா என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய விடுதி அறைத்தோழன்