பாட்டி தூக்கிப் பிடிச்ச வெள்ளைப் பந்து

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஆன்லைன் சயின்ஸ் கிளாஸ் நின்னே போயிடும்னு நினைச்சிருந்தேன். என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், திரும்ப அதை எழுத மனசு வரல. நேத்து கடைசி கிளாஸ் முடிஞ்சு லேப்டாப்பை மூடினதும் அழுதுட்டேன், அதான் ஆறப்போடாம இப்பவே எழுதறேன்.

பாட்டி, முதல் நன்றி உங்களுக்குத்தான். மூணாம் கிளாஸ் பேத்திக்கு உங்க போனைக் கொடுத்துட்டு தினமும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பீங்க, கேமராவுல உங்க கை மட்டும்தான் தெரியும். 30 நாள் நிலாவைப் பார்த்து வரையச் சொல்லியிருந்தேன். நிலா தேயறது பூமியோட நிழல் விழுறதாலன்னு பாதிப் பிள்ளைங்க நம்பினாங்க, நானும் அனிமேஷன் போட்டேன், ஸ்டெல்லேரியம்னு வானத்தை ஸ்க்ரீன்ல காட்டுற ஒரு சாஃப்ட்வேர்ல வானத்தைச் சுத்திக் காட்டினேன், எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு மறுநாள் கேட்டா திரும்ப நிழல்தான். அப்பதான் ஒருநாள் காலைல எட்டு மணிக்கு உங்க வாய்ஸ் மெசேஜ். "டீச்சர், புள்ள இப்ப நிலாவப் பார்த்துட்டா, உங்க ஷீட்ல ராத்திரிக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு, இதை எங்க வரையறது?"

கூடவே ஒரு வீடியோ. மேற்கால பாதி நிலா. பந்து மேல டார்ச் அடிச்சு செய்யச் சொன்ன சோதனையை நீங்க வெயில்லயே செஞ்சிருக்கீங்க, நிலாவுக்கு நேரா ஒரு வெள்ளைப் பந்தைத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க, கை லேசா நடுங்குது, பந்துலயும் அதே பாதிதான் வெளிச்சம், அதே பக்கம். பின்னாடி பேத்தி குரல்: "சூரியனும் மேல இருக்கு, நிலாவும் மேல இருக்கு, பூமி நம்ம காலுக்குக் கீழல்ல இருக்கு? அது எப்படி நடுவுல போய் மறைக்கும்?"

அன்னிக்கு கிளாஸ்ல அந்த வீடியோவைப் போட்டுட்டு நான் வாயே திறக்கல. அவங்களுக்குள்ளயே வாதாடினாங்க, ஒரு பையன் "அப்ப சந்திர கிரகணம்?"னு கேட்டான், நிழல் அங்கதான் வரும், பௌர்ணமி அன்னிக்குத்தான் வர முடியும்னு பந்தைச் சுத்திச் சுத்தி அவங்களே பிடிச்சுட்டாங்க. கண்ணால பார்த்தது கட்டத்துக்குள்ள அடங்கலன்னு கேட்டீங்களே பாட்டி, ஷீட் போட்ட நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பழைய போன் கொடுத்தவங்க, டேட்டா போட்டுவிட்டவங்க, ராத்திரி முழிச்சு வீடியோவையெல்லாம் சின்ன சைஸாக்கிக் கொடுத்த தம்பி, மீட்டிங்ல எனக்காக எழுந்து பேசின அப்பா அம்மாக்கள், உங்க யாரையும் மறக்கல, மறக்கவும் மாட்டேன்.

புது ஷீட்ல பகலுக்கும் கட்டம் போட்டாச்சு. இனிமே எந்த ஷீட் அனுப்பினாலும் "வேற என்ன பார்த்த?"ன்னு கீழ ஒரு காலி இடம் விட்டுத்தான் அனுப்புவேன். அடுத்த மாசம் பாதி நிலா தெரியுற ஒரு காலைல எல்லாரும் பந்தோட வெளிய வரணும். பாட்டி, நீங்களும்தான், இந்தத் தடவை உங்க முகமும் கேமராவுல தெரியணும்.