ராமாயாளா, ராமாத்தாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவரைக் கோபி, அந்தியூர் பக்கம் பலரும் தேடுவது இரண்டு காரியத்துக்குத்தான்: நோம்பி வந்தால் கேன்டீன் சரக்குக்கு, மில்லில் ஆள் குறைந்தால் வாட்ச்மேன் வேலைக்கு. மற்றபடி, "அவருக்கென்னுங்க, மாசமானா பென்ஷன் வந்துருது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பென்ஷன் அவர் காலத்துக்குப் பின் மனைவி கைக்குத் தடங்கலின்றிப் போகுமா என்று கேட்க ஆளில்லை. இது வேதனை.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. வீட்டில் ராமாயாள், ஆதாரில் ராமாத்தாள், படை ஆவணத்தில் ஆங்கிலத்தில் ஏறிய ராமாயி. மூன்றும் ஒருவரே என்று ஊருக்குத் தெரியும். பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குத் தெரியாது. பிபிஓ எனும் பழைய ஓய்வூதிய ஆணைகள் சிலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. 80 வயதில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40 என்று ஏறும் கூடுதல் தொகைக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

ஆகவே கணவர் இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஆதார், பாஸ்புக் நான்கையும் விரித்து வைத்து, இனிஷியல் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஆதாரில் மட்டும் பிழை என்றால் அதைத் திருத்தினால் போதும். படை ஆவணத்தில் பிழை என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, அவரவர் ரிக்கார்டு ஆபீசுக்கு மனு அனுப்ப வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். அங்கே, குடும்ப விவரங்களைப் படை ஆவணத்தில் பதியும் பார்ட்-2 ஆர்டரில் பெயர் திருந்திய பிறகே புது பிபிஓ வரும். மனுவில் கணவரின் கையெழுத்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவர் போன பின் அந்த அம்மா பிரமாணப் பத்திரம், சான்று என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும்.

ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ் சான்றிலும் கவனம் வேண்டும். மஞ்சள் காட்டிலும் தேங்காய் மட்டையிலும் தேய்ந்த விரலில் ரேகை விழாது. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதியும் வழி உண்டு, கேட்டு வாங்குங்கள். பாதுகாப்புத் துறையே நேரடியாகப் பென்ஷன் போடும் ஸ்பர்ஷ் இணைய முறைக்கு மாறியவர்களுக்கு, ஓய்வூதியம் வழங்குபவர் என்ற கட்டத்தில் பழைய வங்கியைத் தட்டினால் சான்று தள்ளுபடியாகும். ஸ்பர்ஷ் என்றே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறப்பை உடனே தெரிவிப்பதும் முக்கியம். அதன் பிறகும் அவர் பென்ஷன் கூட்டுக் கணக்கில் விழுந்து, வீட்டார் எடுத்துச் செலவழித்தால், பின்னால் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்தம் வரும்.

டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியல் காசோடு நிறுத்தாமல், ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருவரை உட்கார வைத்து, இந்த நான்கு ஆவணங்களையும் ஒத்துப் பார்த்துக் கொடுக்கும்படி ஊராட்சித் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்கள்,
கோபிசெட்டிபாளையம்