கொமொரோஸ் கால்பந்து அணிக்கு நன்றி

கொமொரோஸ் வீரர்களுக்கு,

2022 ஜனவரி 24 அன்று ஆப்பிரிக்கக் கோப்பையில் கேமரூனிடம் நீங்கள் தோற்ற ஆட்டம் முடிந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. காயத்தாலும் கொரோனாவாலும் உங்கள் கோல்கீப்பர்கள் மூன்று பேருமே ஆட முடியாமல் போய், வேறொரு வீரர் கோல்கீப்பராக நிற்க வேண்டிவந்தது கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தக் கதையை நீட்டப்போவதில்லை. தூக்கம் கெட்ட கண்ணோடு நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஷாக்கர் அல்ஹதூருக்கு. எங்கள் தெரு ஆட்டத்தில் கோல்கீப்பர் வராவிட்டால் கோல் போஸ்டுக்கு யாரும் தானாகப் போகமாட்டார்கள். இருப்பதிலேயே சின்னப் பையன் தலையில் கட்டிவிடுவோம். நீங்கள் கையுறை மாட்டிக்கொண்டதோ ஆப்பிரிக்கக் கோப்பையின் நாக் அவுட் ஆட்டத்தில். எதிரே, போட்டியை நடத்தும் கேமரூன். அவர்களின் கோல் அடிக்கும் முன்கள வீரர்கள் வின்சென்ட் அபூபக்கர் ஒரு பக்கம், டோக்கோ எகாம்பி ஒரு பக்கம். போதாததற்கு ஏழாவது நிமிடத்திலேயே உங்கள் நஜிம் அப்துவுக்கு ரெட் கார்டு. பத்துப் பேர், அதில் கோல்கீப்பர் ஒரு லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்!

கீப்பர் சட்டையின் முதுகில் டேப் ஒட்டிப் போட்ட உங்கள் எண் 3. இது கேலிக்கூத்தாக முடியும் என்று எத்தனை பேர் காத்திருந்தார்களோ. கேமரூனின் முதல் கோல் விழவே 29 நிமிடம் ஆனது. இரண்டாம் பாதியில் அபூபக்கர் அடுத்தடுத்து அடித்ததை நீங்கள் விழுந்து தடுத்தபோது நான் நாற்காலியில் இல்லை. பிடிக்க வராத பந்தைத் தட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான், ஆனால் ஒரு பந்துக்கும் ஒதுங்கி நிற்கவில்லை. இது உங்கள் வேலையே இல்லை. பிரான்சின் அஜாக்சியோ கிளப்பில் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது பின்கள ஓரத்தில் ஓடுவதற்கு. 'என்னால் முடியாது' என்று சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மற்றவர்களை மறக்கவில்லை. பிரான்சின் கீழ்நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டே இங்கே வந்து மொராக்கோவின் பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் பென் போயினா, களத்தில் இறங்க முடியாமல் போன மற்ற இரண்டு கோல்கீப்பர்கள் அஹமதா, உஸ்ஸெனி, கானாவை 3-2 என்று வீட்டுக்கு அனுப்பிய பென் நபுஹானும் மோக்னியும், 2014 முதல் இந்த அணியைக் கட்டி எழுப்பிய பயிற்சியாளர் அமீர் அப்து, எல்லோருக்கும் நன்றி. 81-வது நிமிடத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து அந்த ஃப்ரீ கிக்கை அடித்த யூசுஃப் ம்'சங்காமாவுக்குத் தனியாக ஒன்று. 2-1 என்று ஆனதும் கேமரூன்காரர்கள் முகத்தைப் பார்த்தேன், பயந்துதான் போனார்கள்.

ஆட்டம் நடந்த ஒலெம்பே மைதான வாசலில் நெரிசலில் சிக்கி எட்டுப் பேர் இறந்த செய்தியைக் காலையில்தான் படித்தேன். ஆட்டம் பார்க்க வந்தவர்கள். என் சந்தோஷத்தைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர்கள் வீட்டாரை நினைத்துக்கொள்கிறேன்.

ஃபிஃபாவில் நீங்கள் சேர்ந்ததே 2005-ல்தான். மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தொடாத தீவுகள். வீரர்களில் பலர் பிறந்து வளர்ந்தது பிரான்சில். முதல் ஆப்பிரிக்கக் கோப்பையிலேயே இவ்வளவு தூரம்! பெரிய அணிகளைப் பார்ப்பதை விடப்போவதில்லை, சனிக்கிழமை கேமரூன்-காம்பியா காலிறுதியையும் பார்ப்பேன். ஆனால் அடுத்த தகுதிச் சுற்று தொடங்கியதும் உங்கள் ஆட்டம் எந்நேரம் நடந்தாலும் விழித்திருப்பேன், ஒளிபரப்பு கிடைக்காமல் வெறும் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தாலும் சரி. கானா மறுபடி எதிரே வந்தால் ரொம்ப சந்தோஷம்.