பாப்பாவுக்கு, ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "நீ கொடுத்த லிவரிலும் கொழுப்பு படிஞ்சுடுச்சாம்" என்று அழுதிருப்பாள். அன்று ராத்திரியே நீ ரயில் டிக்கெட் பார்த்ததாக மாப்பிள்ளை சொன்னார். டிக்கெட் எல்லாம் போட வேண்டாம். போனில் விளக்கலாம் என்றால் பாதிப் பேச்சில் அம்மா போனை வாங்கிக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ரிப்போர்ட். உன் லிவரில் ஒரு பாகத்தை எனக்கு வைத்த பிறகு எடுக்கும் ஸ்கேனில், இந்தத் தடவை அல்ட்ராசவுண்டோடு, லிவரின் கொழுப்பையும் தழும்பையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போய்ப் படுக்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, விலா இடுக்கில் ஜெல்லைத் தடவி, கருவியின் முனையை அழுத்தி வைக்கிறார்கள். விரலால் சுண்டியது போல ஒரு தட்டு. அப்படிப் பத்துத் தட்டு சரியாக விழுந்ததும் இரண்டு எண்கள் வருகின்றன, கொழுப்புக்கு ஒன்று, தழும்பால் வரும் விறைப்புக்கு ஒன்று. என் கொழுப்பு எண் 292. அது அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் விறைப்பு 5.6. எட்டுக்குக் கீழே இருந்தால் கவலைப்படுகிற அளவுக்குத் தழும்பு இல்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். பழைய லிவரில், வயிற்றில் நீர் கோப்பதற்கு முன்னால் பார்த்தபோதே இந்த எண் 30-ஐத் தாண்டியிருந்தது, உனக்கு நினைவிருக்கும். அம்மா முதல் எண்ணோடு நிறுத்திவிட்டாள். இரண்டாவதுதான் முக்கியம்.

"எஸ்.ஜி.பி.டி. நார்மல்தானே, அப்புறம் எப்படி?" என்று, லிவர் பழுதை ரத்தத்தில் காட்டும் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டிருந்தாய். நானும் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். கொழுப்பு இருந்தும் ரத்தப் பரிசோதனை ஒழுங்காகவே வருவது சாதாரணமாம். லேசான கொழுப்பு அல்ட்ராசவுண்டில்கூடத் தெரியாது, ஓரளவு சேர்ந்த பிறகுதான் காட்டும். அதனால் ரத்த ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் ஒன்றும் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சரி, ஏன் வந்தது? அன்று மாற்றியது லிவரை மட்டும்தான், என் உடம்பை மாற்றவில்லை. இருபது வருஷச் சர்க்கரை அப்படியே இருக்கிறது. பரம்பரை இருக்கிறது, தொப்பை போடும் வாகும் இருக்கிறது. ஒரு சொட்டுக் குடிக்காத எனக்கு, லிவர் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் வந்ததே இந்தக் கொழுப்பால்தான். அப்போது ஊரில் எத்தனை பேர் "உண்மையைச் சொல்லுங்க சார்" என்று கண்ணடித்தார்கள் என்று உனக்குத் தெரியும். கொழுப்பால் பழைய லிவரை இழந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புது லிவரிலும் சில வருஷத்தில் கொழுப்பு எட்டிப் பார்க்கிறதாம். வேறு நோய்க்காக மாற்றிக்கொண்டவர்களுக்குக்கூட வருகிறது. ஆக, நீ கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. அது வந்து சேர்ந்த இடம் அப்படி.

மாத்திரைகளுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் சில மாதம் கொடுத்த ஸ்டீராய்டு பசியை எப்படிக் கிளப்பியது என்று நீயே பார்த்தாய், ஆபரேஷன் தையல் பிரிப்பதற்குள் நான் பரோட்டா கேட்டேன். ஸ்டீராய்டு நின்றுவிட்டது. புது லிவரை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் டேக்ரோலிமஸ் நிற்காது, காலை எட்டு, ராத்திரி எட்டு, ஆயுசுக்கும். கணையம் இன்சுலின் சுரப்பதை அது மட்டுப்படுத்துகிறது. சர்க்கரை ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது, கிட்னிக்கும் பாரம். அந்த மருந்து ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-ல் எடுத்ததாம். எங்கோ கிடந்த மண் என்னை உட்கார வைத்து இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். நிறுத்தினால் உன் லிவரை என் உடம்பு எதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம் சாப்பாடு. இதைத்தான் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சிரோசிஸில் இருந்தபோது தசை கரைந்து போகாமல் இருக்க, ராத்திரி படுக்கப் போகும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அது மருந்து. ஆபரேஷன் முடிந்து, நாக்குக்கு ருசி திரும்பி, உப்புக் கட்டுப்பாடும் போன பிறகும் பத்து மணிப் பாலும் பிஸ்கட்டும் வீட்டில் வழக்கமாகவே நின்றுவிட்டன. பார்க்க வருகிறவர்களெல்லாம் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவனுக்குக் கன்னம் வைத்ததும் "நல்லா தேறிட்டீங்க" என்றார்கள். நம் ஊரில் தேறுவது என்றால் எடை போடுவதுதானே. அம்மாவுக்கு அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி நெய். ஆனால் போட்ட எடை தசையாகப் போகவில்லை, எல்லாம் வயிற்றைச் சுற்றித்தான். கை இன்னும் சூம்பித்தான் இருக்கிறது.

இப்போது 78 கிலோ. ஏழிலிருந்து பத்து சதவீதம் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதாவது ஆறு கிலோவாவது. மூன்று, நான்கு கிலோ இறங்கினாலே லிவர் கொழுப்பு குறையத் தொடங்குமாம். லிவரின் அழற்சியும் தணிய வேண்டுமென்றால் அந்தப் பத்து சதவீதத்தை நெருங்க வேண்டும். காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். வெறும் நடை போதாது, தசை வர வேண்டும் என்று, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். செய்து பார், உனக்கே தொடை நடுங்கும். தட்டில் சோறு பாதி, மீதி கூட்டும் பொரியலும். சுண்டல், முட்டை, மீன் குழம்பு உண்டு. பட்டினி கிடப்பது, ஒருவேளை சாப்பாட்டை விடுவது எல்லாம் எனக்குக் கிடையாது, சர்க்கரை மாத்திரை போடுகிறவன். டாக்டர் காபியை விடச் சொல்வாரோ என்று பயந்தேன். சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், லிவருக்கு அது பகையில்லை என்றார். கும்பகோணத்தில் குடியிருப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சித்தப்பா கீழாநெல்லியும் சீந்தில் கொடியும் அரைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நான் தொடவில்லை, கோபித்துக்கொண்டார். உன்னிடம் புகார் சொன்னால் இதைச் சொல். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கத்தான் நான் தினமும் மாத்திரை போடுகிறேன். சீந்திலுக்கு இருக்கும் பேரே எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்தவர்கள் சிலருக்கு லிவர் பழுதானதை மும்பை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள், லிவர் மாற்றாதவர்களுக்கே அந்தக் கதி. பம்ப்ளிமாஸ் பழம்கூட எனக்கு ஆகாது, குடலில் டேக்ரோலிமஸை உடைக்கும் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடும். பச்சிலை என்றால் கெடுதலே செய்யாது என்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை, மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டிவிடுகிறேன்.

சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் ஊசியைப் பற்றி நீ அனுப்பிய விஷயத்தையும் டாக்டரிடம் கேட்டேன். லிவர் கொழுப்பு முற்றித் தழும்பு வைத்தவர்களுக்கென்று அமெரிக்காவில் 2024-ல் ஒரு மாத்திரைக்கும், 2025-ல் அந்த ஊசிக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்காக நடந்த பெரிய சோதனைகளில் என்னைப் போல லிவர் மாற்றியவர்களைச் சேர்க்கவில்லை. எனக்குத் தழும்பும் இல்லை. சர்க்கரை பிடிபடாமல் போனால் ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அவருக்கு இப்போதைக்கு லிவரைவிட என் இதயத்தைப் பற்றித்தான் கவலை அதிகம். மாற்று லிவரோடு நெடுங்காலம் இருப்பவர்களை மாரடைப்பும் கிட்னியும்தான் அதிகம் படுத்துகின்றனவாம். கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

இனி உன் விஷயம், கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். தானத்துக்கு முன் எடுத்த சி.டி.யில் உனக்கும் கொழுப்பு கொஞ்சம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? எண்ணெயையும் இனிப்பையும் நிறுத்தி, காலையும் மாலையும் நடந்து, சில வாரத்தில் குறைத்துக்கொண்டு வந்தாய். உன்னால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் என் உடம்பு வாகு உனக்கும் உண்டு. லிவரில் கொழுப்பு சேரத் தூண்டும் மரபணு ஒன்றை 2008-ல் கண்டுபிடித்தார்கள், அது அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடியது. எனக்கு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்த்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். உன்னிடம் மீந்த பாகம் வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிட்டது என்று சொன்னதோடு நீ ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை விட்டுவிட்டாய். புனேயில் ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்டர் பண்ணிச் சாப்பிடுகிறாய், மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே.

நம் உடம்பு வாகுக்குப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். டேப் எடுத்து அளந்து பார். வெறும் வயிற்றுச் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொலஸ்ட்ரால், ஒரு வயிற்று ஸ்கேன், எடுக்க வேண்டியது இவ்வளவுதான். தீபாவளிக்கு வரும்போது ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வா. ஸ்வீட் வாங்கி வராதே, அம்மா எப்படியும் செய்வாள், அதில் ஒன்று எனக்கும் உண்டு என்று டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் பேசும்போது நெய்யைப் பற்றிக் குத்திக் காட்டாதே. அவளே டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டாள். எனக்கு அடுத்த ஸ்கேன் ஆறு மாதம் கழித்து. எண் என்ன வந்தாலும் இரண்டையும் நானே உனக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா